கல்லுக்கும் காற்றுக்கும் ஒரே வாசல்

ரேடியேட்டரைப் பொத்தலாக்கிய கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஓட்டுநர்கள் எதிரே கடந்துபோன லாரியைத்தான் கைகாட்டுவார்கள். அந்த லாரியின் டயர் கல்லை வீசியடித்தது, பாவம் நம் வண்டி அடிவாங்கியது என்பது அவர்கள் சொல்லும் கதை. இயற்பியல் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்ளும். லாரி கல்லைக் கிளப்பிவிட்டது உண்மை. ஆனால் அந்தக் கல் அநேகமாகச் சாலைக்கு மேலே நின்ற இடத்திலேயே எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டரில் அதன்மேல் போய் மோதியது நம் வண்டி.

வழுக்காமல் உருளும் சக்கரத்தில் தரையைத் தொட்டிருக்கும் புள்ளி, தரையைப் பொறுத்தவரை அந்தக் கணத்தில் அசைவதே இல்லை. உச்சிப்புள்ளியோ வண்டியைவிட இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. டயரின் தடத்தில் ஒட்டிய கல் பெரும்பாலும் தரையை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கழன்றுவிடும். மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். அந்த வேகத்தில் போகும் வண்டியின் சக்கரம் 20 பாகை சுழன்றதும் கல் கழன்றது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல்நோக்கிய வேகம் நொடிக்கு ஒன்பதரை மீட்டர். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் நாலரை மீட்டர் உயரம் வரை எழும்பப் போதுமான வேகம் அது. முன்னோக்கிய வேகமோ மணிக்கு ஆறு கிலோமீட்டர்தான். கொஞ்சம் விரைந்து நடப்பவரின் வேகம்.

ஆகவே லாரிக்குப் பின்னால் 100 கி.மீ. வேகத்தில் வருகிறவர் அந்தக் கல்லை 94 கி.மீ. வேகத்தில் சந்திப்பார். எதிரே அதே வேகத்தில் வருகிறவர் 106-இல் சந்திப்பார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அடியின் பலத்தைத் தீர்மானிப்பது யார் வீசினார் என்பதல்ல, நம்முடைய வேகமானியின் முள்.

விதிவிலக்கு இரண்டு உண்டு. டயரின் விளிம்பில் அகப்பட்டுப் பாதி நசுங்கிய கல், விரல்களுக்கிடையே அழுத்திய புளியங்கொட்டைபோலப் பக்கவாட்டில் தெறிக்கும். இதன் வேகத்தை முன்கூட்டிச் சொல்வது கடினம். இன்னொன்று, இரட்டைச் சக்கரங்களின் இடுக்கிலோ தடத்தின் பள்ளத்திலோ இறுகச் செருகிக்கொண்ட கல். அது கால் சுற்று, அரைச் சுற்று வரை கூடவே போய்விட்டுக் கழலும். உச்சியை நெருங்க நெருங்க அதன் வேகம் பயங்கரமாகக் கூடும். நல்லவேளையாக அந்தப் பாதையில் மட்கார்டு குறுக்கே நிற்கிறது.

இனி அடியின் அளவைப் பார்ப்போம். இருபது மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கருங்கல் துண்டு சுமார் 11 கிராம் இருக்கும். நொடிக்கு 28 மீட்டரில் மோதினால் அதன் ஆற்றல் 4.4 ஜூல். பம்பரில் பட்டால் ஒரு சிறு தழும்பு, அவ்வளவுதான். அதே அடி விழும் ரேடியேட்டர் குழாயின் சுவரோ ஒரு மில்லிமீட்டரின் சில பத்தில் ஒரு பங்கு கனமுள்ள அலுமினியம். குழாய்களுக்கிடையே மடித்து வைத்த ஃபின் தகடுகள் அதைவிடவும் மெலிந்தவை. நகத்தால் அழுத்தினாலே வளைந்துவிடும்.

இவ்வளவு மெலிதாக ஏன் செய்தார்கள் என்று கோபப்படுவதற்கு முன் அந்த உறுப்பின் வேலையை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய டீசல் மோட்டார்ஹோம் ஒன்றில் 400 குதிரைத்திறன் எஞ்சின் இருக்கலாம். அது முழுமூச்சில் மலையேறும்போது குளிர்விப்பு நீரில் மட்டும் நூறு கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் சேர்கிறது. 120 கிலோவாட் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே நுழையும் காற்று 30 பாகை சூடேறி வெளியேறுவதாகக் கொண்டால், அந்த வெப்பத்தை அள்ளிப்போக நொடிக்கு நாலு கிலோ காற்று வேண்டும். முக்கால் சதுர மீட்டர் முகப்பு வழியாக ஒவ்வொரு நொடியும் நாலு கிலோ! தடித்த சுவரும் நெருக்கமான கவசமும் இதற்கு ஒத்துவராது. காற்று தாராளமாக வர வேண்டும், உலோகம் மெலிதாக இருக்க வேண்டும், பரப்பு மிகப் பெரிதாக இருக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் மோட்டார் வாகனத்தின் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக், 1900-இன் இறுதியில் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடஸுக்காகத் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். ஆறு மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070-ஐ ஒன்றாகப் பற்றவைத்த கட்டு அது. அதற்கு முந்தைய வண்டிகள் வெந்நீரைக் குடம் குடமாக ஆவியாக்கித் தள்ளாடிக்கொண்டிருந்தன. இந்த வண்டி கொஞ்சம் தண்ணீரையே சுற்றிச் சுற்றிக் குளிர்வித்துக்கொண்டு ஓடியது. அன்று முதல் எஞ்சினின் மிக மெல்லிய உறுப்பை வண்டியின் முகத்தில் கொண்டுபோய் வைக்கிறோம். காற்று நுழையும் வாசலில்தான் அதை வைத்தாக வேண்டும். கல்லும் அந்த வாசலிலேயே வருகிறது.

கல் நிறைய வரும் சாலைகள் வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கின்றன. மோட்டார்ஹோம்காரர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது போக ஆசைப்படுவதும் அங்கேதான். கனடாவின் டாசன் கிரீக்கிலிருந்து அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை நீளும் அலாஸ்கா நெடுஞ்சாலையை அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1942-இல் போர் அவசரத்தில் வெட்டினார்கள். 1949 முதல் வெளிவரும் ‘தி மைல்போஸ்ட்’ என்ற வழிகாட்டி நூலை மடியில் வைத்துக்கொண்டு மைல் மைலாக அதில் போகிறவர்கள் இன்றும் உண்டு. இப்போது அந்தச் சாலை முழுக்கத் தார் கண்டுவிட்டது. ஆனால் ஆண்டுதோறும் உறைபனி அதன் முதுகை வளைக்கிறது, கோடைதோறும் அங்கங்கே பெயர்த்துச் செப்பனிடுகிறார்கள். அந்த இடங்களில் சரளைதான்.

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை இன்னும் கரடு. எண்ணெய்க் குழாய் பதிக்க லாரிகள் போவதற்காக 1974-இல் போட்ட 666 கி.மீ. பாதை அது. ஆர்க்டிக் கரையோரம் டெட்ஹார்ஸில் போய் முடிகிறது. பொதுமக்களுக்கு முழு நீளமும் திறந்தது 1994-இல். பல வாடகை நிறுவனங்கள் தங்கள் மோட்டார்ஹோம்களை இந்தச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கின்றன. கனடாவின் யூகானில் தொடங்கி இனுவிக் வரை போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை 1979-இல் திறந்தது. கத்திபோல் கூரான அதன் கற்கள் டயர்களைக் கிழிப்பதில் பேர்பெற்றவை.

இவற்றுக்கு ஏன் முழுக்கத் தார் போடவில்லை என்ற கேள்விக்குப் பணம் மட்டும் பதிலல்ல. கீழே இருப்பது ஆண்டு முழுதும் உறைந்த மண். கறுத்த தார் கோடை வெயிலை உறிஞ்சிக் கீழே அனுப்பும். உறைமண் இளகினால் சாலை அமிழும், வெடிக்கும். தடிமனான சரளைப் படுகையோ கீழுள்ள பனிக்குப் போர்வையாகிறது. பள்ளம் விழுந்தால் கிரேடர் வண்டி ஒருமுறை இழுத்துச் சமன் செய்துவிடும்.

தார்ச்சாலை என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். தாரைத் தெளித்து, மேலே விரல்நுனி அளவு ஜல்லியைப் பரப்பி, ரோலரை ஓட்டிவிட்டுப் போகும் மலிவான முறை அங்கே பரவலாக உண்டு. தார் இறுகும்வரை மேல்ஜல்லி உதிரியாகக் கிடக்கும். மெதுவாகப் போ என்று பலகை வைத்திருப்பார்கள். என் அனுமானத்தில், உள்ளபடியே சரளையான சாலையைவிட இந்தப் புது ஜல்லிதான் ஆபத்து. சரளையில் எல்லாரும் தானாகவே வேகத்தைக் குறைப்பார்கள். இங்கே சாலை கறுப்பாக, நேராக, சமமாக இருக்கும். கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழாது.

மோட்டார்ஹோம்களில் ரேடியேட்டர் எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். காப்பாற்றும் வழியும் அதோடு மாறும்.

ஃபோர்டு எஃப்-53 சட்டகத்தில் கட்டிய பெட்ரோல் மோட்டார்ஹோம்களிலும், ஃபோர்டு ஈ-450 மேல் கட்டிய சிறியவற்றிலும் எஞ்சின் முன்னால். ரேடியேட்டர் கிரில்லுக்குப் பின்னால் நேர்முகமாக நிற்கிறது. அதற்கும் முன்னால் ஏசி கண்டென்சர். கல் முதலில் கண்டென்சரைத்தான் தின்னும். ஏசி போகும், எஞ்சின் பிழைக்கும். பாலைவனத்தில் இது ஆறுதலாக இராது, அலாஸ்காவில் பரவாயில்லை.

பெரிய டீசல் வண்டிகளில் எஞ்சின் பின்கோடியில், படுக்கையறைக் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. முன்னால் வரும் கல் அங்கே எட்டாது என்று தோன்றும். ஆனால் எஞ்சினுக்குச் சற்று முன்னால் பின்னச்சு. அதில் இரட்டைச் சக்கரங்கள். வண்டியே தன் ரேடியேட்டர் பக்கம் கல்லை வீசிக்கொள்கிறது! முன்பு சொன்ன கணக்கை இங்கே திருப்பிப் போட வேண்டும். தரையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய நிற்கும் கல், வண்டியிலிருந்து பார்த்தால் வண்டியின் வேகத்திலேயே பின்னோக்கி வருகிறது. எதிரே லாரி எதுவும் வராவிட்டாலும் அடி நிச்சயம்.

பின்பக்க ரேடியேட்டர் வண்டிகளில் கல்லைவிடக் கொடிய எதிரி ஒன்றும் உண்டு. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் விசிறி, கீழிருந்து காற்றை இழுத்துப் பின்னால் தள்ளுகிறது. அந்தக் காற்றில் சாலைத் தூசி அத்தனையும் இருக்கும். பழைய டீசல் எஞ்சின்களில் கிராங்க் அறையின் மூச்சுக்குழாய் எண்ணெய்ப் புகையைக் கசியவிடும். குழாயின் வாய் விசிறிக்கு முன்னால் இருந்தால் எண்ணெயும் தூசியும் கூட்டாகப் போய், ரேடியேட்டருக்கு முன் இருக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் சார்ஜ் ஏர் கூலரின் எஞ்சின் பக்கத்து முகத்தில் அப்பிக்கொள்ளும். வண்டிக்குப் பின்னால் நின்று டார்ச் அடித்துப் பார்க்கிறவருக்கு ரேடியேட்டர் பளிச்சென்று தெரியும்; அடைப்போ உள்பக்கம். கட்டிலைத் தூக்கி மூடியைத் திறந்து எஞ்சின் பக்கமாகப் பார்த்தால்தான் கம்பளிபோல் படிந்த அழுக்கு கண்ணில் படும். மூச்சுக்குழாயை ஒரு ரப்பர் குழாய் கொண்டு நீட்டி, அதன் வாயை ரேடியேட்டரைத் தாண்டி விடுவது, சில டாலர் செலவில் பெரிய நிவாரணம். விலையுயர்ந்த கல்வலையை மாட்டுவதற்கு முன் இதைச் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது.

விலை கூடிய டீசல் வண்டிகளில் ரேடியேட்டர் பின்பக்கத்தில், பக்கவாட்டாகத் திரும்பியிருக்கும். ஹைட்ராலிக் மோட்டார் சுழற்றும் விசிறிகள் வெளிக்காற்றைப் பக்கச் சுவரின் கிரில் வழியே உள்ளே இழுக்கும். தரைத் தூசி குறைவு, கல்லும் குறைவு. சக்கரக் குழிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் தடுப்புத் தகடு உடையாமல் இருக்கிறதா, கிரில்லில் காட்டன்வுட் மரத்தின் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இப்போது வலைக்கு வருவோம். முகப்பு ரேடியேட்டருக்கு முன் கம்பி வலை கட்டுவது பழைய வழக்கம். எந்த வலை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நெருக்கமான வலை நல்ல பாதுகாப்பு என்று கொசுவலை மாதிரி ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள்.

கல்லின் எடை அதன் குறுக்களவின் முப்படியாக மாறும் என்பதே இங்கே திறவுகோல். 20 மி.மீ. கல்லுக்கு 4.4 ஜூல் என்று பார்த்தோம். அதே வேகத்தில் 12 மி.மீ. கல்லுக்கு 1 ஜூலுக்கும் குறைவு. 6 மி.மீ. கல்லுக்கு 0.12 ஜூல்தான். ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை, நுழையவிடும் மிகப் பெரிய உருண்டைக் கல்லையும் இருபது மில்லிமீட்டர் கல்லின் ஆற்றலில் 37-இல் ஒரு பங்காக்கிவிடுகிறது. அதற்கும் கீழே போய்ச் சல்லடையை நெருக்குவதால் கிடைக்கும் லாபம் அற்பம்.

நட்டமோ பெரிது. ஒரு மில்லிமீட்டர் கம்பியில் ஆறு மில்லிமீட்டர் கண் வைத்துப் பின்னினால் பரப்பில் 73 சதவீதம் திறந்திருக்கும். கண்ணை மூன்று மில்லிமீட்டராகக் குறைத்தால் 56 சதவீதமே திறப்பு. காற்று சந்திக்கும் தடை இரு மடங்குக்கு மேல் கூடுகிறது. இது புது வலையின் கணக்கு. கோடை மாலையில் ஒரு ஏரிக்கரையைக் கடந்தால் பூச்சிகள் வந்து ஒட்டும். அந்த மூன்று மில்லிமீட்டர் வலையின் கண்களில் பாதி அடைபட்டால் தடை சுமார் ஆறு மடங்காகிவிடும். தடை கூடும்போது விசிறி இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். விசிறிக்குத் தேவையான திறன் சுழல்வேகத்தின் முப்படி. பத்து சதவீதம் அதிகம் சுழல 33 சதவீதம் அதிகத் திறன் வேண்டும். மலையேற்றத்துக்கு வேண்டிய குதிரைத்திறனை விசிறி எடுத்துக்கொள்கிறது.

வலையின் கண்ணைவிட அதை எங்கே கட்டுகிறோம் என்பது முக்கியம். ரேடியேட்டரின் முகத்தோடு ஒட்டிக் கட்டினால் மூன்று விதத்தில் தோற்போம். முதலாவது, கல் அடித்ததும் வலை உள்வாங்கி ஃபின்களை நசுக்கும். நாலு ஜூல் ஆற்றலை ஒரு மில்லிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி விசை 4,000 நியூட்டன். இருபது மில்லிமீட்டர் தொய்ந்து நிறுத்தினால் 200 நியூட்டன். வலைக்குப் பின்னால் இடம் இருக்க வேண்டும், வலை விறைப்பாக இல்லாமல் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். அடுத்தது, ஒட்டிக் கிடக்கும் ஒவ்வொரு கம்பியும் தனக்குப் பின்னாலுள்ள ஃபின்னுக்குக் காற்று போகாமல் மறைக்கும். தள்ளியிருந்தால் அந்த நிழல் கலைந்துவிடும். கடைசியாகச் சொல்வதுதான் மிகப் பெரியது. வலையில் இழக்கும் அழுத்தம் காற்று வேகத்தின் இருபடி. முன்னால் தள்ளி, ரேடியேட்டரின் முகப்பைப்போல் இரு மடங்கு பரப்பில் வலையை விரித்தால் அதன் வழியே போகும் காற்றின் வேகம் பாதியாகும், இழப்பு கால்வாசியாகும். கிரில்லின் முழு அகலத்துக்கும் உள்பக்கமாகக் கட்டிய ஆறு மில்லிமீட்டர் வலை, ரேடியேட்டரின் மூக்கில் ஒட்டிய எந்த அலங்கார வலையையும்விட மேல். ஊருக்குள் வந்ததும் கழற்றி உதறக்கூடிய மாதிரி கட்ட வேண்டும். கழற்ற முடியாத வலையை யாரும் கழுவுவதில்லை.

இதே வட நாட்டில் விமானங்களும் இந்தச் சண்டையைப் போட்டன. அலாஸ்காவிலும் கனடாவின் வடக்கிலும் ஓடுபாதைகள் பல சரளையாலானவை. அங்கே இறங்குவதற்காக போயிங் நிறுவனம் 737-200 விமானத்துக்கு ஒரு சரளைக் கவசத் தொகுதியைத் தந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால் பனிச்சறுக்குக் கட்டைபோல் ஒரு தகடு. சக்கரம் கிளப்பும் கல் அதில் பட்டுக் கீழே திரும்பும். இதைவிட அழகானது எஞ்சின்களின் வாயில் நீட்டிய மெல்லிய குழாய். ஜெட் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது தரைக்கும் அதன் வாய்க்கும் நடுவே ஒரு சிறு சுழி உருவாகிக் கல்லைத் தூக்கும். அந்தக் குழாய் எஞ்சினிலிருந்து எடுத்த காற்றைக் கீழ்நோக்கி ஊதிச் சுழியைப் பிறக்கும்போதே கலைத்துவிடும். அந்த எஞ்சின்களின் வாயில் போயிங் வலை கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். கல் கிளம்பும் இடத்தில் தடுத்தார்கள், காற்றின் வழியை விட்டுவிட்டார்கள்.

மோட்டார்ஹோமில் கல் கிளம்பும் இடம் டயருக்குப் பின்புறம். ஆகவே ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் சக்கரத்தின் அகலத்துக்கு நல்ல கனமான ரப்பர் மட்ஃப்ளாப் தொங்குவது அவசியம். பின் எஞ்சின் வண்டிக்கு இதுதான் முதல் கவசம். பின்னச்சுக்கும் எஞ்சினுக்கும் இடையிலேயே தொங்க வேண்டும்.

பலர் செய்வது வேறு. வண்டியின் பின்கோடியில், பம்பருக்கு அடியில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே ரப்பர் படுதாவைத் தொங்கவிடுகிறார்கள். அது மோட்டார்ஹோமைக் காக்க வந்ததல்ல, பின்னால் இழுத்துவரும் காரைக் காக்க வந்தது. அமெரிக்க மோட்டார்ஹோம்காரர்கள் ஊர் சுற்றுவதற்காக ஒரு சிறு காரைக் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். மோட்டார்ஹோமின் ஆறு சக்கரங்கள் கிளப்பும் கல் அத்தனைக்கும் சில அடி தூரத்தில் அந்தக் காரின் முகம் இருக்கிறது. எஞ்சின் ஓடாத கார் என்பதால் ரேடியேட்டர் பொத்தலானாலும் அன்று தெரியாது. நாலு நாள் கழித்துக் கடைக்குப் போகக் காரைக் கிளப்பும்போது தெரியும்.

அந்தப் படுதா கார் முகத்துக்கு நல்லது, பின் எஞ்சினுக்கு நல்லதா என்பது சந்தேகம். வண்டிக்கு அடியில் ஓடும் காற்று பின்னால் வெளியேற வேண்டும். தரைவரை தொங்கும் முழுப்படுதா அதை மறிக்கிறது; எஞ்சின் அறையின் சூடு அங்கேயே தேங்குகிறது. புகைபோக்கி பக்கத்தில் இருந்தால் ரப்பர் கருகும். சக்கரங்களுக்கு நேர்பின்னே இரண்டு ஃப்ளாப், காரின் முகத்துக்கு முன்னே சரிவாகக் கட்டும் தனிக் கவசம் என்று பிரித்துக்கொள்வதே சரி என்று எனக்குப் படுகிறது.

அடி பலமாக விழாதபோதும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். பொத்தலிடாத கல் ஃபின்களை மடக்கிவிட்டுப் போகிறது. மடங்கிய இடத்தில் காற்று நுழையாது. சமவெளியில் போகும்போது எஞ்சினின் திறனில் ஒரு பகுதிதான் தேவைப்படும். ரேடியேட்டரில் பத்தில் ஒரு பங்கு போனாலும் வெப்பமானியின் முள் அசையாது. டால்டன் சாலை அட்டிகன் கணவாயில் 1,400 மீட்டருக்கு மேல் ஏறும். அங்கே காற்றின் அடர்த்தியும் கடல்மட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. போன மாதம் மடங்கிய ஃபின்னின் கணக்கு அப்போது தீர்க்கப்படும். ஃபின்களை நிமிர்த்தச் சீப்பு மாதிரி ஒரு மலிவான கருவி கிடைக்கிறது. பொறுமை மட்டும் வேண்டும்.

வடக்கத்திச் சரளையில் இன்னொரு தொல்லை கால்சியம் குளோரைடு. புழுதி அடங்குவதற்காகச் சாலையில் தெளிக்கும் உப்பு அது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மண்ணைப் பிடித்து வைக்கும். மழை பெய்தால் சேறாகிக் கிளம்பி, ரேடியேட்டரில் ஒட்டி, காய்ந்ததும் சிமென்டாக இறுகும். குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கவும் செய்யும். தார்ச்சாலைக்குத் திரும்பிய அன்றே கழுவிவிட வேண்டும். தோட்டக் குழாயின் வேகம் போதும், காற்று போகும் திசைக்கு எதிர்ப்புறமிருந்து, நேராக. கார் கழுவும் நிலையத்தின் அழுத்தக் குழாயை நெருக்கிப் பிடித்தால், கல் மிச்சம் வைத்த ஃபின்களை அது மடக்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு அலுமினியத்தைத் தின்னாத கரைசலாகப் பார்த்து வாங்குவது அவசியம். காரம் மிகுந்தவை வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கல் குழாயைத் துளைத்துவிட்டது என்று வைப்போம். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 பாகையில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் 129 பாகை வரை கொதிக்காது. துளை விழுந்ததும் அந்த அழுத்தம் போகிறது. ஏற்றத்தில் 110 பாகையில் இருந்த கூலண்ட் நின்ற நிலையில் கொதிநிலையைத் தாண்டிவிடுகிறது. சொட்டாமல் ஆவியாகச் சீறும். முன் எஞ்சின் வண்டியில் கண்ணாடியெல்லாம் மூடுபனி. பின் எஞ்சின் வண்டியில் ஓட்டுநர் எஞ்சினுக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சீறல் கேட்காது, இனிப்பான கிளைக்கால் வாடை வராது. வெப்பமானியையும் நம்ப முடியாது. அதன் உணரி நீரில் மூழ்கியிருக்கும்வரைதான் உண்மை பேசும். நீர் வடிந்து ஆவியில் நின்றால் முள் கீழே இறங்கிக்கூடக் காட்டலாம். கூலண்ட் மட்டம் குறைந்தால் அலறும் தனி உணரி உங்கள் வண்டியில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்க கேமராவில் வெண்புகை தெரிகிறதா என்று அவ்வப்போது ஒரு பார்வையும் வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி, முழுக்க ஆறவிட வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்து வெந்துபோனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிறகு துளை விழுந்த குழாயைத் தேட வேண்டும். பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டர் என்றால் எந்தப் பட்டறையிலும் ஈயம் வைத்து மூடுவார்கள். இன்றைய அலுமினிய ரேடியேட்டரை உலையில் ஒரே மூச்சில் பற்றவைத்திருப்பார்கள். சாலையோரம் ஈயம் ஒட்டாது. அதற்கு வேறு வழி. துளைக்கு மேலும் கீழும் ஃபின்களை அகற்றி, குழாயைத் துண்டித்து, இரண்டு முனைகளையும் குறடால் மடித்து நசுக்கி, சுத்தமாகத் துடைத்து எப்பாக்ஸி பூசி இறுகவிடுவது. அறுபது குழாய் உள்ள ரேடியேட்டரில் ஒன்று போனால் இழப்பு இரண்டு சதவீதம்கூட இல்லை.

துளை சிறிது, குழாயை எட்ட முடியவில்லை என்றால் அமெரிக்கப் பழம் ஓட்டுநர்கள் மிளகுத்தூளைப் போடுவார்கள். நம் ஊர் லாரிக்காரர்கள் மஞ்சள்தூளைப் போடுவார்கள். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே: நீரோடு சுற்றும் துகள் ஒழுகும் இடத்தில் போய்ச் சிக்கி, ஊறி, அடைத்துக்கொள்ளும். கடையில் புட்டியில் விற்கும் ஒழுகல் அடைப்பானும் அதையே நாகரிகமாகச் செய்கிறது. எதுவானாலும், ஒழுகும் துளைக்கும் ஒழுகாத நுண்குழாய்க்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. ஹீட்டரின் குறுகிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவைக்கும். அடுத்த ஊர்வரை போவதற்கு மட்டும் அது. போனதும் முழுக்கக் கழுவி விட்டாக வேண்டும்.

ஒட்டுப்போட்ட ரேடியேட்டரோடு போகும்போது மூடியை முதல் திருகுக்குத் தளர்த்தி வைப்பது இன்னொரு பழைய தந்திரம். அழுத்தம் ஏறாததால் ஒட்டு தாங்கும், ஒழுகல் குறையும். ஆனால் கொதிநிலை 129-இலிருந்து 107-க்கு இறங்கிவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஏற்றங்களில் கியரைக் குறைத்து, ஏசியை அணைத்து, உள்ளே வேர்த்தாலும் ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டு, அரை மணிக்கொரு தரம் நிறுத்தி ஆறவிட்டு நீர்மட்டம் பார்த்துப் போக வேண்டும். வேகம் ஐம்பதுக்கு மேல் வேண்டாம். அந்த வேகத்தில் அதே இருபது மில்லிமீட்டர் கல்லின் அடியும் 1.1 ஜூலுக்கு இறங்கியிருக்கும்.